ஆ காட்டு

மாடிப்படி பதினேழு.
கீழே செல்போன் ரிப்பேர், மேலே பல்.
ஆற்காடு ரோட்டில் மெட்ரோவுக்காக அடித்த தகரத்தை
ஆட்டோ சுற்றிச் சுற்றி வந்ததில்
ஜெமிமா பாதி தூங்கிவிட்டாள்.
அந்த ஏப்ரல் வெயிலில்
அவள் எச்சில் நனைத்த என் தோள் மட்டும்
குளுகுளுவென்று இருந்தது.

படிவம் கொடுத்தார்கள்.
வயது: இரண்டு வருடம் மூன்று மாதம்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
'முன்பற்களில் பழுப்பு' என்று எழுதி
அடித்துவிட்டு
'சும்மா பார்க்க' என்று எழுதினேன்.

ஷீபா வரவில்லை.
போரூர் ஆஸ்பத்திரியில் நைட் முடித்து
அப்போதுதான் படுத்திருந்தாள்.
கண் திறக்காமலே சொன்னாள்:
"புட்டியை எப்பவோ நிறுத்தியாச்சுன்னு சொல்லிடு."
ம், என்றேன்.

என் மகளுக்கு 'ஆ' என்றால் சோறு.
ஆ காட்டு, லிஃப்ட் மேல போகுது, ஆ.
ஆ காட்டு, கேஸ்காரர் வந்துட்டாரு, ஆ.
இந்த ஒற்றை எழுத்தை வைத்துத்தான்
பருப்பையும் கேரட்டையும் கடத்தி வந்தோம்.
இப்போது வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர்
அதே எழுத்தை, எங்கள் குரலிலேயே சொல்கிறார்.
ஜெமிமா கிண்ணத்தைத் தேடினாள்.
அவர் கையில் இல்லை. மேஜையில் இல்லை.
என்னைப் பார்த்தாள்.
ஷட்டர் இறங்கிய மாதிரி வாய் மூடிக்கொண்டது.

நாற்காலி வேண்டாம் என்றார் டாக்டர் மெஹருன்னிசா.
முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தோம்.
என் மடியில் கால், அவர் மடியில் தலை.
"கையைப் பிடிச்சுக்கங்க அப்பா."
யார் அப்பா என்றாலும்
திரும்பிவிடுகிறேன் இப்போதெல்லாம்.

அழுதாள்.
அழ வாய் திறந்துதானே ஆகவேண்டும்.
ஒரு ரூபாய் அகலக் கண்ணாடி உள்ளே போனது.
ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார்.
ஆறில் அழுகை நின்றது.
"ஏயு" என்றாள் ஜெமிமா.
அவளுக்கு அதுவரைதான் தெரியும்.
அவர் பதினாறு வரை போனார்.

முதல் பல் ஸ்பூனில் டிங் என்று தட்டியபோது
வீடியோ எடுத்து ஊருக்கே அனுப்பினோம்.
மீதிப் பதினைந்தும்
சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கின்றன.

மேல் வரிசையில் நாலு.
ஈறோரம், டீ கிளாஸ் அடியில் காய்ந்த மாதிரி
ஒரு கோடு.
"தூங்கும்போது புட்டிப்பால் உண்டா?"
"இல்லீங்க. எப்பவோ நிறுத்தியாச்சு."
டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.
கன்னத்தில் காயாத கண்ணீரோடு
என் மடியில் எழுந்து உட்கார்ந்து,
மொத்தம் முப்பது சொல் தெரிந்தவள்
அதில் நாலை எடுத்து வைத்தாள்:
"அப்பா. பாலு. லைட்டு ஆப்பு."

பேனா நின்றது.
கீழே யாரோ ஒவ்வொரு ரிங்டோனாகச்
சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டரை மணிக்கு எழுவாள்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஹவுஸ் ஓனர் இருமுவார்.
காலையில் எனக்கு லாகின்.
ஃப்ரிட்ஜில் பச்சைப் பாக்கெட் மிச்சமிருக்கும்.
புட்டி வாய்க்குள் போனதும் வருமே ஓர் அமைதி,
அதற்கு எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.
அவள் பல்லைக் கொடுத்திருக்கிறேன்.

"சர்க்கரை?"
"அரை ஸ்பூன்."
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
குட்டித் தூரிகையால் ஏதோ பூசினார்,
ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிப்பதுபோல.
"விழுற பல்லுதான். ஆனா விழ இன்னும் நாலு வருஷம் இருக்கு.
ராத்திரி தண்ணி மட்டும்."

சாயங்காலம் டூட்டியிலிருந்து ஷீபா:
'என்ன சொன்னாங்க?'
அடித்தேன். அழித்தேன். அடித்தேன்.
நீலக் குறி விழுந்து அரைமணி ஆகியிருந்தது.

இரண்டரை.
தண்ணீரை லேசாகச் சுடவைத்துக் கொடுத்தேன்.
ஒரு வாய் உறிஞ்சினாள். நிறுத்தினாள்.
இருட்டில் அவள் முகம் தெரியவில்லை,
என் பக்கம் திரும்பியது மட்டும் தெரிந்தது.
மெத்தையில் தவழ்ந்து வந்து, என் தாடையைத் தடவி,
உதட்டைக் கண்டுபிடித்து,
புட்டியின் ரப்பரை அதில் அழுத்தினாள்.

"அப்பா. ஆ காத்து."

காட்டினேன்.